ஆன்டெனா: கப்பலில் பிறந்த கொம்பு

மொட்டைமாடியில் மீன்முள்போல நின்ற தொலைக்காட்சிக் கம்பியைத் திருப்பியவர்களுக்குத் தெரியும், நிலையம் இருக்கும் திசையைப் பார்த்தால்தான் படம் தெளியும் என்று. 'ஆன்டெனா' என்ற அதன் பெயர் கடலிலிருந்து வந்தது. இலத்தீனில் அது பாய்மரத்தின் குறுக்கே பாயைத் தாங்கும் மரம், தமிழில் பருமல்.

பருமல் பூச்சியின் தலைக்கு ஏறியது ஒரு மொழிபெயர்ப்பால். பூச்சியின் உணர்கொம்பை அரிஸ்டாட்டில் 'கெராயா' என்றார். 'கெராஸ்' என்றால் கொம்பு. அதில் பிறந்த கெராயா கிரேக்கரிடம் பருமலுக்கும் பெயர். அவருடைய விலங்கு நூல்களை இலத்தீனாக்கிய தியோடர் காசா, பூச்சிக்கும் பருமலின் பெயரையே இட்டார். அந்நூல் 1476இல் வெனிஸில் அச்சேறியது. பின்னர் மார்க்கோனி தம் கம்பியை உயரத் தூக்கிய கம்பத்துக்கும் இத்தாலியில் 'ஆன்டென்னா' என்றே பெயர். கம்பத்தின் பெயர் கம்பிக்கும் ஒட்டிக்கொண்டது.

கெராயாவுக்கு எழுத்தின் சிறு கீற்று என்றும் பொருள் உண்டு. நம் 'கொம்பு' அப்படியே விரிந்திருப்பது வியப்பூட்டுகிறது: மாட்டின் தலையில், மரத்தின் கிளையில், 'கெ', 'கே' எழுத்துகளின் முன்னே ஒற்றையாகவும் இரட்டையாகவும்.

ஒற்றை, இரட்டை என்ற வேறுபாடு ஆன்டெனாவிலும் உயிரானது. நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கம்பி நான்கு பக்கமும் ஒன்றுபோலக் கேட்கும். அலை வந்த திசையைச் சொல்லாது. அரை அலைநீள இடைவெளியில் இரண்டை நட்டால், நேர் எதிரிலிருந்து வரும் அலை இரண்டையும் ஒரே கணத்தில் தொடும். சாய்வாக வந்தால் ஒன்றை முந்தித் தொடும். மற்றதில் அது கால் சுற்று, அதாவது 90 பாகை பிந்தினால், மூலம் நேரெதிரிலிருந்து 30 பாகை விலகியிருக்கிறது. முன்னா பின்னா என்ற ஐயத்தை, அந்தக் கோட்டுக்கு வெளியே நட்ட மூன்றாவது கம்பி தீர்க்கும்.

ஊட்டி அருகே முத்தொரை மலைச்சரிவில், வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் முயற்சியில் 1970இல் எழுந்த வானொலித் தொலைநோக்கியின் நீளம் 530 மீட்டர். அதன் குவியக் கோட்டில் 1056 இருமுனை ஆன்டெனாக்கள் அணிவகுத்துள்ளன. அவற்றின் அலைகளுக்கிடையே உள்ள முந்தல் பிந்தலை மாற்றியே பார்வையை வடக்கிலும் தெற்கிலும் திருப்புகிறார்கள். மாடியில் நாம் கையால் திருப்பியதை அங்கே கணக்கு திருப்புகிறது.

ஆன்டெனாவுக்கு 'அலைவாங்கி' என்று பெயரிட்டோம். வாங்குவதோடு முடியாமல், எங்கிருந்து வந்தது என்று துழாவி அறியும் இந்த அணிக்குப் பூச்சியின் பெயரே பொருந்துகிறது. நான் அதை உணர்கொம்பு என்பேன்.