தாம்பாளம் எங்கே?

என் கதையில் வரும் சீட்டாட்டக்காரனுக்கு ‘பணம் பண்ணுகிறவன்’ என்று பெயர் வைத்தால் பத்திரிகாசிரியர் அடித்துவிடுவார். சரித்திரத்துக்கு அந்தப் பயம் இல்லை. 2003-ம் வருஷம் அமெரிக்கக் கணக்கர் ஒருவர், இணையத்தில் நூறு டாலருக்கும் குறைவான ஒரு போக்கர் பந்தயத்தில் ஆட ஆரம்பித்து, லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் ஓர் இடத்தைச் சம்பாதித்தார். அந்தப் போட்டிக்குக் கட்டணம் 10,000 டாலர். மற்ற 838 பேரையும் மிஞ்சி 25 லட்சம் டாலர் பரிசு பெற்ற அவருடைய பெயர் கிறிஸ் மணிமேக்கர்!

மூன்றே வருஷத்தில் அதே போட்டிக்கு வந்தவர்கள் 8,773 பேர். இணையத்தில் கடை விரித்த ஸ்தாபனங்களும் பெருகின. எந்தக் கடையில் ஆடுவது? பரிசுத் தொகை எவ்வளவு, கூட்டம் எவ்வளவு, தரகு எவ்வளவு என்றுதான் பெரும்பாலோர் பார்த்தார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு மறுநாள் பெரியப்பா தலைமையில் சீட்டுக் கச்சேரி நடக்கும். எல்லோர் காசும் நடுவிலே ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் கிடக்கும். தோற்பது பெரும்பாலும் நான்தான். ஆனாலும் காசு எங்கே இருக்கிறது என்ற சந்தேகம் வந்ததில்லை. இணையத்தில் தாம்பாளமும் தெரியாது, எதிராளியின் கையும் தெரியாது.

2007-ல் ‘அப்ஸொல்யூட் போக்கர்’ நடத்திய ஒரு பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவர், தம் ஆட்டத்தின் பதிவைக் கேட்டார். அவர்கள் அனுப்பியதோ எல்லோருடைய சீட்டுகளும் அடங்கிய முழுப் பதிவு! மற்றவர்களும் சேர்ந்து அதைத் துருவிப் பார்த்தார்கள். முதலில் வந்தவரின் மேஜையை விடாமல் ஒரு கணக்கிலிருந்து யாரோ வேடிக்கை பார்த்திருந்தார்கள். அந்தக் கணக்கின் தடம் ஸ்தாபனத்துக்குள்ளேயே போய் முடிந்தது. எதிராளிகளின் சீட்டு அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தாம்பாளத்தின் கதை 2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. சட்டவிரோதச் சூதாட்டம், பாங்கி மோசடி என்று அமெரிக்க சர்க்கார் மூன்று பெரிய ஸ்தாபனங்களின் தலைவர்கள்மீது வழக்குப் போட்டு, தளங்களையும் முடக்கியது. போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், மேற்படி அப்ஸொல்யூட். குற்றச்சாட்டு ஒன்றுதான், ஆட்டக்காரர்களின் கதி ஒன்றல்ல.

போக்கர்ஸ்டார்ஸ் ஆட்டக்காரர்களின் பணத்தைத் தனியே வைத்திருந்தது; அமெரிக்கர்களுக்குச் சில வாரங்களில் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. ஃபுல் டில்ட்டின் கவர்ச்சியே பிரபல ஆட்டக்காரர்கள்தான். அவர்களுடன் ஒரே மேஜையில் உட்காரலாம் என்பதற்காகவே ஜனங்கள் அங்கே போனார்கள். அந்தப் பிரபலங்களில் சிலர் அதன் பங்குதாரர்களும்கூட. அது ஆட்டக்காரர்களுக்குத் தரவேண்டியது சுமார் 39 கோடி டாலர். பாங்கியில் இருந்ததோ 6 கோடி என்றது சர்க்கார். பங்குதாரர்களுக்கு மட்டும் நாலு வருஷத்தில் 44 கோடிக்கு மேல் போயிருந்ததாம். இன்னொரு வேடிக்கை: ஆட்டக்காரரின் பாங்கியிலிருந்து பணம் வந்து சேராமலே அவர் கணக்கில் வரவு வைத்து ஆடவும் விட்டிருந்தார்கள். அந்த இல்லாத பணத்தை வேறொருவர் நிஜமாகவே ஜெயித்துக்கொண்டிருந்தார்!

2012-ல் போக்கர்ஸ்டார்ஸ் சர்க்காருடன் சமரசம் செய்துகொண்டு, 73 கோடி டாலருக்குமேல் கொடுக்கச் சம்மதித்து, போட்டியாளரின் கடையையும் அதன் கடனையும் சேர்த்து ஏற்றுக்கொண்டது. ஃபுல் டில்ட்டில் ஆடிய அமெரிக்கர்களுக்கு முதல் தவணைப் பணம் கைக்கு வந்தது 2014 பிப்ரவரி கடைசியில்.