ஜாக்சன் (இசைக் கலைஞர்கள்)

ஜாக்சன் என்பது ஆங்கிலம் பேசும் நாடுகளில் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர். இப்பெயர் கொண்ட இசைக் கலைஞர்களுள் பலர் ஒருவருக்கொருவர் உறவினர் அல்லர்.

உறவுடையோரில் முதன்மையானது இந்தியானா மாநிலத்தின் கேரி நகரைச் சேர்ந்த குடும்பம். ஜாக்கி, டிட்டோ, ஜெர்மெய்ன், மார்லன், மைக்கேல் ஆகிய ஐந்து சகோதரர்களின் ‘ஜாக்சன் 5’ குழு, மோடவுன் நிறுவனம் வழியே 1969-இல் புகழ்பெற்றது. அங்கு வெளியான முதல் நான்கு தனிப்பாடல் இசைத்தட்டுகளும் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தன. பின்னர் அவர்கள் எபிக் நிறுவனத்துக்கு மாறியபோது, குழுவின் பெயர் மோடவுனுக்கே உரியதாக இருந்ததால் ‘தி ஜாக்சன்ஸ்’ ஆயினர். மோடவுன் அதிபரின் மருமகனான ஜெர்மெய்ன் மட்டும் பழைய நிறுவனத்திலேயே தங்கிவிட்டார். மைக்கேல் (1958–2009) தனித்து வெளியிட்ட ‘திரில்லர்’ (1982) உலகில் மிகுதியாக விற்ற இசைத்தொகுப்பாகக் கருதப்படுகிறது. தங்கை ஜேனட் (பி. 1966) ‘கன்ட்ரோல்’ (1986) மூலம் தனிப்பெயர் பெற்றார்.

இக்குடும்பத்தைச் சாராதோருள் ஒருவர் நற்செய்தி இசைப் பாடகி மஹாலியா (1911–1972); 1963 வாஷிங்டன் பேரணியில் பாடியவர். மில்ட் (1923–1999) ‘மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்’ குழுவில் வைப்ரஃபோன் வாசித்தார். வாண்டா (பி. 1937) ராக்கபிலியிலும், ஆலன் (பி. 1958) கன்ட்ரி இசையிலும் அறியப்பட்டவர்கள். பிரித்தானியப் பாடகர் ஜோ ஜாக்சனை (பி. 1954), அதே பெயருடைய மைக்கேலின் தந்தையோடு குழப்பிக்கொள்வது எளிது.