ஓ.இ. ரோட்டாரின் வைரப் பூச்சு

ஓபன் எண்ட் (ஓ.இ.) நூற்பு எந்திரத்தில் பஞ்சிழைகள் ஒன்றுசேர்ந்து நூலாகும் சிறு எஃகுக் கிண்ணத்துக்கு ரோட்டார் என்று பெயர். அதன் உட்பரப்பில், தேய்மானத்தைத் தாங்குவதற்காக ஏற்றப்படும் கனிமப் படலமே ரோட்டார் பூச்சு. நிக்கலும் பாஸ்பரசும் கலந்த படலத்துக்குள் ஓரிரு மைக்ரோமீட்டர் அளவுள்ள வைரத்துகள்கள் பதிந்த வகை பரவலானது. மொத்தத் தடிமன் முடியிழையை விடக் குறைவு. பல்லடம், சோமனூர், உடுமலை, வெள்ளகோவில் வட்டாரத்து ஓ.இ. மில்களில் நூலின் தரத்தைத் தீர்மானிப்பதில் இந்தப் படலத்துக்குப் பெரும் பங்குண்டு.

கோவையில் 1888இல் ஆங்கிலேயத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலைக்குப் பின் வளர்ந்தவை ரிங் ஸ்பின்னிங் ஆலைகள். ஓ.இ. முறை வணிக அளவில் வந்தது 1967இல், செக்கோஸ்லோவாக்கியாவின் பிடி 200 எந்திரத்தோடு. கொங்கு நாட்டில் இவ்விரு வகை ஆலைகளும் போட்டியாளர்கள் என்பதை விட ஒன்றை ஒன்று சார்ந்தவை என்பதே சரி. ரிங் ஆலையில் பஞ்சைச் சீவும்போது கழியும் குட்டை இழையான கோம்பர் நாயிலும், பஞ்சைச் சுத்தம் செய்யும் புளோ ரூமின் கழிவும், திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட்டும் ஓ.இ. மில்லுக்கு மூலப்பொருள். லுங்கி, துண்டு, பெட்ஷீட், கையுறை எனத் தடித்த நூல் வேண்டிய சரக்கெல்லாம் இதிலிருந்து வருகிறது.

பூச்சுக்கு வரும் சோதனையும் இந்தக் கழிவிலிருந்தே வருகிறது. கழிவுப் பஞ்சில் மண்ணும் இலைத்தூளும் விதைத்தோலும் மிஞ்சியிருக்கும். பாலியஸ்டர் கலந்தால் இன்னொரு தொல்லை: இழையின் மினுமினுப்பைக் குறைக்கச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு உப்புத்தாள் போல எஃகை அராவும். வேகமோ அசாதாரணமானது. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரோட்டார் நிமிடத்துக்கு 80,000 சுற்றில் ஓடினால், அதன் சுவர் மணிக்கு சுமார் 600 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. பூச்சில்லாத எஃகு இதில் நெடுநாள் நிற்காது.

கடினம் மட்டும் போதுமென்றால் கண்ணாடி போல மெருகேற்றிவிடலாமே என்று தோன்றும். அது பலிக்காது. காற்றோட்டத்தில் வரும் இழை சாய்ந்த சுவரில் விழுந்து, வழுக்கிக்கொண்டே நேராகி, அடியிலுள்ள பள்ளத்தில் படிய வேண்டும். பிடிமானம் குறைந்தால் இழை ஒழுங்குபடாது. சொரசொரப்பு கூடினால் சிக்கி நின்று ஒடியும். அதனால்தான் வைரத்துகளின் அளவையும் செறிவையும் பூச்சாளர் கவனமாகத் தேர்கிறார். துருத்தி நிற்கும் கூர்முனைகளை மழுக்கியும் விடுகிறார்.

பூச்சேற்ற மின்சாரம் தேவையில்லை. நிக்கல் உப்பும் சோடியம் ஹைப்போபாஸ்பைட்டும் கலந்த, ஏறக்குறைய 90 பாகை செல்சியஸ் சூட்டிலுள்ள கரைசலில் வைரத்தூளைக் கலக்கிக்கொண்டே ரோட்டாரை மூழ்கவைத்தால், உலோகம் தானாகப் படிகிறது. துகள்களையும் உள்ளே சிறைப்பிடிக்கிறது. அமெரிக்காவில் ஆப்னர் பிரென்னர், கிரேஸ் ரிடல் இருவரும் 1946இல் அறிவித்த முறை இதற்கு அடிப்படை. குரோம் முலாமில் மின்னோட்டம் விளிம்புகளை நாடி ஓடும். பள்ளத்தில் படிவு மெலியும். இங்கே பள்ளமும் விளிம்பும் ஒரே தடிமன் பெறுகின்றன. ரோட்டாரின் சமநிலை கெடாமலிருக்க இது அவசியம். பிறகு 300 முதல் 400 பாகை வரை சூடாக்கினால் படலம் இன்னும் இறுகும்.

போரான் ஏற்றுவது மாற்று வழி. 900 பாகையை ஒட்டிய வெப்பத்தில் போரான் எஃகுக்குள் ஊடுருவி இரும்பு போரைடு ஆகிறது. அது பல்பல்லாக எஃகில் இறங்குவதால் உரிந்து வருவதில்லை. அதன் மேல் வைர நிக்கலும் ஏற்றிய ரோட்டார் விலை கூடியது. ஆயினும், அழுக்கு மிகுந்த பஞ்சை ஓட்டும் மில்லுக்கு அதுவே தகுந்தது.

பள்ளத்தில் ஓரிடத்தில் தேய்மானம் ஏற்பட்டாலோ தூசி சேர்ந்தாலோ கோளாறு நூலில் உடனே பதிவாகும். 40 மில்லிமீட்டர் ரோட்டாரில் சுமார் 12.6 சென்டிமீட்டருக்கு ஒருமுறை அதே தடிப்போ மெலிவோ திரும்பத் திரும்ப வரும். நெய்த துணியில் இது அலையலையான கோலமாகத் தெரியும். மில்காரர்கள் இதை மோயர் என்கிறார்கள்.

பஞ்சை முதலில் பிரித்தெடுக்கும் ஓப்பனிங் ரோலரின் வாள்பல் கம்பிகளுக்கும் இதே வைர நிக்கல் பூசுகிறார்கள். மண்ணை முதலில் சந்திப்பவை அந்தப் பற்களே.