25 ரூபாய்ப் பங்கும் இலவசக் குடையும்

வட்டியை விலக்கி வணிகத்தை ஆகுமாக்கிய மார்க்கம் நம்முடையது. உண்மையும் நாணயமும் உள்ள வணிகருக்கு மறுமையில் நபிமார்களின் தோழமை கிடைக்கும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியதை நம் ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆயினும் வணிக நாணயம் என்றதும் நம் மனம் தராசுத் தட்டோடு நின்றுவிடுகிறது. எடை சரியாக இருந்தால் போதும் என்று எண்ணுகிறோம். அந்த வியாபாரம் யாருடைய முதலில் நடக்கிறது, ஊருக்கு என்ன செய்கிறது, அதில் உழைப்பவன் எப்படி வாழ்கிறான் என்பதெல்லாம் தராசில் வைக்கப்படுவதில்லை. இவற்றையெல்லாம் தராசில் ஏற்றிய ஒரு வணிக வரலாறு நம் சங்கரன்கோவிலிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில், தூத்துக்குடித் துறைமுகத்தில் நிகழ்ந்தது.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கடல் வாணிபம் செழித்திருந்தது. கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி தூத்துக்குடி வழியாகவே வெளிநாடு சென்றது. காயல்பட்டினத்து ரத்தின வணிகர்களும், பிழைப்புத் தேடி இலங்கை சென்ற நம் மாவட்டத்து ஏழை எளியவர்களும் அந்தக் கடல்வழியையே நம்பியிருந்தனர். ஆனால் அக்கடலில் ஓடிய நீராவிக் கப்பல்கள் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி என்னும் ஆங்கிலேய நிறுவனத்துக்குச் சொந்தமானவை. அந்நிறுவனம் வைத்ததே கட்டணம்.

ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு பிறந்து தூத்துக்குடியில் வழக்கறிஞராக இருந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்கள் இந்நிலையை மாற்ற முனைந்தார். சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபர் 16 அன்று பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். ஹாஜி முஹம்மது பக்கீர் சேட் செயலாளரானார். வ.உ.சி. உதவிச் செயலாளர் பொறுப்பில் இருந்தார். பாரதியார் தம் ‘இந்தியா’ பத்திரிகையில் இக்கம்பெனிக்கு ஆதரவு திரட்டினார்.

பக்கீர் சேட் அவர்களைப் பற்றி இங்கே சற்று நின்று பேச வேண்டும். பள்ளிப் பாடநூல்களில் அவருக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது. அவர் தனியொருவராக 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு! அதே தொகையை வட்டிக்கு விட்டிருந்தால் கடல் கொந்தளித்தாலும் கப்பல் நின்றாலும் வட்டி வந்துகொண்டே இருந்திருக்கும். பங்காக இட்டதால் லாபம் வந்தால் மட்டுமே வருவாய். நஷ்டம் வந்தால் அவரவர் முதலின் அளவுக்கு நஷ்டம். நம் ஃபிக்ஹு நூல்களில் ‘ஷிர்கத்’ என்னும் பாடத்தில் மதரஸா மாணவர்கள் ஓதுகிற சட்டத்தின் சாரம் இதுவே.

கம்பெனியின் குறிக்கோள்களும் கவனிக்கத்தக்கவை. கப்பல் ஓட்டிக் கட்டணம் வசூலிப்பதோடு அவை முடியவில்லை. நம் நாட்டவருக்கும் இலங்கையருக்கும் பிற ஆசிய மக்களுக்கும் கப்பல் ஓட்டும் கலையைக் கற்பிப்பது, கப்பல் கட்டும் துறை அமைப்பது, மக்களிடையே கூட்டுறவு உணர்வை வளர்ப்பது என்றெல்லாம் அக்குறிக்கோள்கள் விரிந்தன. லாபம் ஈட்டுவதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் லாபம் ஈட்டும் வழியிலேயே ஒரு சமுதாயத்துக்குத் தொழில் கற்றுக்கொடுக்க எண்ணினார்கள்.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்குக் கப்பல் தந்த ஷா லைன் நிறுவனம் ஆங்கிலேயக் கம்பெனியின் நெருக்குதலுக்கு அஞ்சிப் பின்வாங்கியது. வ.உ.சி. கொழும்பு சென்று வேறு கப்பலை வாடகைக்குப் பிடித்தார். 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் சொந்தமாகவே வந்து சேர்ந்தன. காலியாவில் 1,300 சாதாரணப் பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் செல்ல இடமிருந்தது.

போட்டி முற்றியது. ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. அதன்பின் ஆங்கிலேயக் கம்பெனி கட்டணமே வேண்டாம் என்றது. ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இலவசம் என்றது.

இந்த இடத்தில் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் காலத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. மதீனாவின் சந்தையில் ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்கள் உலர்ந்த திராட்சையைச் சந்தை விலையைவிடக் குறைத்து விற்றார்கள். ஒன்று விலையை உயர்த்துங்கள், இல்லையேல் எங்கள் சந்தையை விட்டு எழுந்து செல்லுங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் கூறியதை இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிவு செய்துள்ளார்கள். பிறகு உமர் (ரலி) அவர்களே ஹாதிப் (ரலி) அவர்களின் வீடு தேடிச் சென்று, அது தீர்ப்பல்ல, ஊரின் நலன் நாடிச் சொன்னதே என்று விளக்கி, விரும்பியபடி விற்க அனுமதித்ததாக இமாம் ஷாஃபிஈ (ரஹ்) வழியாக அறிவிப்பு உண்டு. எனவே விலை குறைத்து விற்பதே கூடாது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆயினும் குறைந்த விலையும் சில வேளை ஊருக்குக் கேடாகலாம் என்பதை அந்த ஆட்சியாளர் உணர்ந்திருந்தார்கள். பிறரை வீழ்த்துவதற்காகவே நஷ்டத்துக்கு விற்பவன், சந்தையில் தான் ஒருவனே எஞ்சிய பின் விலையை என்ன செய்வான் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் குடையை வாங்கிக்கொண்டவர்களையும் எண்ணிப் பார்க்கிறேன். அவர்கள் ஏழைகள், அவர்களைக் குறை கூற மனம் வரவில்லை. ஆனால் வசதியுள்ள நாமே இன்று கைப்பேசியில் பத்து ரூபாய் குறைகிறது என்று, ஆண்டாண்டாகக் கடன் கொடுத்து நம் அடுப்பை எரியவிட்ட தெருமுனைக் கடைக்காரரை மறந்துவிடுகிறோமே!

வ.உ.சி. தம் கம்பெனியின் கணக்கோடு நின்றுவிடவும் இல்லை. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கு, வார விடுமுறையின்றி உழைத்தனர். 1908 பிப்ரவரி 27 அன்று அவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். ஊரே அவர்கள் பக்கம் நின்றது. தொழிலாளருக்கு எதிராகப் பேசிய ஒருவருக்கு முகம் மழிக்க நாவிதர் மறுத்துவிட்டதாகவும் கூறுவர். சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கி வந்து, கூலி உயர்வுக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் உடன்பட்டது. உழைப்பவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்தாகிய நமக்கு இது புதிய செய்தியல்ல. ஆனால் கூலி உயர்வுக்காக நம் ஊர் விசைத்தறிகள் ஓசையின்றி நின்ற நாட்களில், தறி வைத்திருப்போரும் நெசவாளரும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு, வெளியே வந்ததும் முகம் பாராமல் பிரிந்து சென்றதை இமாமாக நின்று நான் பார்த்திருக்கிறேன்.

1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது செய்யப்பட்டார். அவருக்கு விதிக்கப்பட்ட கடுந்தண்டனை மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலையானார். கம்பெனியோ 1911-லேயே கலைக்கப்பட்டுவிட்டது, கப்பல்களும் விற்கப்பட்டன. அரசின் அடக்குமுறை ஒரு காரணம். கட்டணப் போட்டி மறு காரணம். நிர்வாகிகள் சிலருக்கு அவருடைய அரசியல் உவப்பாக இல்லை என்பதும் மறைக்கத்தக்கதல்ல.

தோற்றுப்போன கம்பெனியை ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். 2019-இல் பெங்களூரில் ‘ஹலால் முதலீடு’ என்ற பெயரில் நடந்த ஒரு நிறுவனம் சரிந்தபோது பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள், மகளின் திருமணத்துக்கும் ஹஜ்ஜுக்கும் சேர்த்து வைத்த பணத்தை இழந்தன. அங்கே மாதந்தோறும் பெரும் லாபம் வரும் என்றார்கள். என்ன வியாபாரம் என்று கேட்டவர் குறைவு. தூத்துக்குடியில் பங்கு வாங்கியவரும் நஷ்டப்பட்டார். ஆனால் தம் பணம் எந்தக் கப்பலாக நிற்கிறது என்பதை அவர் துறைமுகத்துக்குச் சென்று கண்ணால் பார்க்க முடிந்தது.

விடுதலைக்குப் பின் வ.உ.சி. வறுமையில் வாழ்ந்தார். சென்னையில் சிறு வியாபாரங்கள் செய்தும் பார்த்தார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் மறைந்தார். நம் ஷரீஅத்தில் மையித்தின் அடக்கச் செலவுக்குப் பின், வாரிசுகள் பங்கு பிரிக்குமுன் கடன் தீர்க்கப்பட வேண்டும். கடலில் கப்பல் விட்ட அம்மனிதர் தம் இறுதி நாட்களில் எழுதிவைத்த மரண சாசனத்தில், கடைகளுக்குத் தாம் தர வேண்டிய சில்லறைப் பாக்கிகளையும் குறித்து வைத்திருந்தார்.