கடல் கடந்த மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிளில் முதன்முதலாக உலகைச் சுற்றியவர் என வரலாறு குறிப்பிடுபவர் கார்ல் ஸ்டெர்ன்ஸ் கிளான்சி என்னும் அமெரிக்க இளைஞர். டெட்ராய்ட் நகரில் செய்யப்பெற்ற நான்கு சிலிண்டர் ஹெண்டர்சன் வண்டியை அட்லாண்டிக் கடல் கடத்திக் கொணர்ந்து, 1912-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்து அவர் புறப்பட்டார். உடன்வந்த நண்பர் பாரிசிலேயே விடைபெற்றுக் கொண்டார். கிளான்சி தனியே தொடர்ந்தார்.

மாணவர்கள் உலகப் படத்தை விரித்து அவர் சென்ற வழியைத் தொட்டுப் பார்க்கட்டும். வட ஆப்பிரிக்காவில் ஓடிய வண்டி, அடுத்து ஓடியது இலங்கையில்! இடையிலுள்ள அரேபியாவும் பாரசீகமும் எங்கே போயின? விடை கப்பலில் இருக்கிறது. 1869-இல் திறக்கப்பெற்ற சூயஸ் கால்வாய் வழியே கிழக்கே சென்ற நீராவிக் கப்பல்கள் கொழும்பில் தங்கி நிலக்கரி ஏற்றிக்கொண்டன. கப்பல் நின்ற இடத்தில்தானே வண்டி இறங்க முடியும்? ஆகவே, சக்கரம் உருள வேண்டிய நாடுகளைப் பெரும்பாலும் கப்பற் பாதையே தேர்ந்தெடுத்தது எனலாம். வீரப் பயணங்களைப் புகழ்வோர் இதனை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

ஜப்பானில் ஓடியபின், பசிபிக் கடலையும் வண்டி சரக்காகவே கடந்தது. சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, அமெரிக்காவைக் குறுக்கே கடந்து, 1913-இல் நியூயார்க்கை அடைந்தார் கிளான்சி. ஓடிய தொலைவு ஏறத்தாழ 18,000 மைல் என்பர்.