லேபிள் அச்சில் டிஜிட்டல் முறை: சித்தூர், திருப்பதி சிறு உற்பத்தியாளர்களுக்கு எப்போது லாபம்?

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி வட்டாரம் மாம்பழக் கூழ் உற்பத்திக்குப் பெயர் பெற்றது. தமிழகத்தில் கிளிமூக்கு, பெங்களூரா என அழைக்கப்படும் தோத்தாபுரி ரகமே இதன் முதன்மை மூலப்பொருள். மாம்பழப் பருவம் சில மாதங்களே நீடிப்பதால், கூழ், பழச்சாறு, ஊறுகாய் தயாரிக்கும் சிறு உற்பத்தியாளர்களுக்கு, குறைந்த எண்ணிக்கையிலான லேபிள்கள் குறித்த நேரத்தில் கிடைப்பது அவசியமாகிறது.

பழைய முறையின் செலவு

கிரேவர் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உலோக உருளையும், ஃபிளெக்ஸோ அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடும் தேவை. 500 லேபிள்கள் அச்சிட்டாலும் 5 லட்சம் அச்சிட்டாலும் இந்தத் தொடக்கச் செலவு மாறாது. எனவே சிறு நிறுவனங்களும் தேவைக்கு அதிகமாக அச்சிட்டு இருப்பு வைக்க நேர்கிறது.

டிஜிட்டல் முறை

இதில் தகடோ உருளையோ இல்லை. கணினிக் கோப்பிலிருந்து மை நேரடியாகத் தாளிலோ பிளாஸ்டிக் படலத்திலோ பதிகிறது. இண்டிகோ நிறுவனம் 1993-ஆம் ஆண்டு வண்ண டிஜிட்டல் அச்சு இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. 2002-இல் அந்நிறுவனத்தை ஹெச்பி வாங்கியது.

விவரங்கள் மாறும்போது

தயாரிப்புத் தேதி, தொகுதி எண், விலை ஆகியவற்றை ஆலையிலேயே தனிக் கருவி மூலம் பதிப்பது வழக்கம். ஆனால் முகவரி, 14 இலக்க உணவு உரிம எண், உட்பொருள் பட்டியல், ஊட்டச்சத்து விவரம் ஆகியவை மாறினால் தகட்டையே மாற்ற வேண்டும். சித்தூர், நெல்லூர் மாவட்டப் பகுதிகளைப் பிரித்து 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவாக்கப்பட்டது. இத்தகைய மாற்றத்தின்போது, பழைய மாவட்டப் பெயருடன் இருப்பில் உள்ள லேபிள்கள் வீணாகக்கூடும். டிஜிட்டல் முறையில் கோப்பைத் திருத்தினால் போதுமானது. ஒவ்வொரு லேபிளிலும் வெவ்வேறு க்யூஆர் குறியீட்டை அச்சிடவும் இயலும்.

வரம்புகள்

டிஜிட்டல் அச்சில் ஒரு லேபிளுக்கான செலவு, எண்ணிக்கை உயர்ந்தாலும் பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே, ஒரே வடிவமைப்பில் பல லட்சம் உறைகள் தேவைப்படுவோருக்குப் பழைய முறையே மலிவானது.

எம்முறையில் அச்சிட்டாலும், உணவு உறைகளுக்கான மை ஐஎஸ் 15495 தரத்துக்கு உட்பட வேண்டும் என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை வலியுறுத்துகிறது. ஆர்டர் அளிக்கும் முன் அச்சகத்திடம் இதனை உறுதி செய்துகொள்வது உற்பத்தியாளர்களுக்கு நல்லது.