வாக்கில்லாதவருக்கும் ஐந்து நிமிடம் உண்டு

ரொறன்ரோ மாநகரசபைத் தேர்தலில் வாக்களிக்க 18 வயதும் கனேடியப் பிரஜாவுரிமையும் வேண்டும். அகதிக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு வாக்கில்லை. நிரந்தர வதிவிட உரிமையோடு வரி கட்டி வாழ்பவருக்கும் இல்லை. நிரந்தர வதிவாளருக்கு வாக்குரிமை வழங்கும்படி 2013 இல் மாநகரசபையே ஒன்ராறியோ அரசைக் கேட்டது, சட்டம் மாறவில்லை. ஆனால் வாக்கில்லாதவருக்குப் பேச்சும் இல்லை என்று நம்மவர் பலர் எண்ணுவது தவறு.

எங்கே பேசலாம்?

மாநகரசபையின் முழு அமர்வில் பொதுமக்கள் பேச முடியாது. விடயம் அங்கே போகுமுன் அதை ஆராயும் குழுக்களில்தான் பேசலாம். நிகழ்ச்சி நிரல் வெளிவந்ததும், பேச விரும்பும் விடயத்தைக் குறிப்பிட்டு நகரச் செயலாளர் அலுவலகத்தில் பெயரைப் பதிய வேண்டும். வழமையாக ஐந்து நிமிடம் தருவார்கள். பேசுவோர் அதிகமானால் நேரத்தைக் குறைப்பார்கள். பிரஜாவுரிமை கேட்பதில்லை. எழுத்திலும் கருத்து அனுப்பலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்கள் பெயர் பொதுப் பதிவாகி இணையத்திலும் தெரியும்.

தெருவோர வாகனத் தரிப்பு, நிறுத்தற் பலகை, வேகத்தடை போன்ற உள்ளூர் அலுவல்களை ஸ்காபரோ சமூக மன்றம் கவனிக்கிறது. 2018 இல் மாகாண அரசு மாநகரசபையை 47 தொகுதிகளிலிருந்து 25 ஆகக் குறைத்தபோது ஸ்காபரோவின் 10 உறுப்பினர்கள் 6 ஆனார்கள். ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய மக்கள் தொகை கூடிவிட்டதால், நேரில் போய்ச் சொல்வதற்கு இப்போது பெறுமதி அதிகம்.

பணத்தை எப்படிக் கேட்பது?

வரவு செலவுத் திட்டத்துக்கான பொதுக் கருத்துகளை அதற்குரிய குழு ஜனவரியில் கேட்கும். பெப்ரவரியில் திட்டம் மாநகரசபைக்குப் போகும். பெப்ரவரியில் கோபப்படுவதில் பயன் குறைவு.

கணக்காளனாக ஒன்று சொல்கிறேன். நகரத்தின் கணக்கில் இரண்டு பக்கங்கள் உண்டு. நூலகம் ஞாயிறும் திறக்க வேண்டுமென்றால் அது நடைமுறைச் செலவு, ஆண்டுதோறும் வரும். பூங்காவில் புது விளக்கு வேண்டுமென்றால் அது மூலதனச் செலவு. எந்தப் பக்கத்தில் கேட்கிறோம் என்று தெரிந்து, எந்த இடத்துக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால், பொதுவாக முறையிடுவதைவிட அது எடுபடும். வாடகைக்கு இருப்பவரும் ஒதுங்கத் தேவையில்லை. வீட்டுக்காரரின் சொத்துவரி வாடகைக்குள்தான் இருக்கிறது.

குடியிருப்பாளர்களே பணத்தைப் பங்கிட்ட அனுபவமும் இங்கே உண்டு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989 இல் தொடங்கிய முறையை, ரொறன்ரோ சமூக வீடமைப்பு நிறுவனம் 2001 முதல் தன் வாடகையாளரிடையே நடத்தியது. தங்கள் கட்டடத்துக்கு எந்தத் திருத்த வேலை முதலில் வேண்டும் என்பதை அவர்களே கூடித் தெரிந்தார்கள். 2015 முதல் 2017 வரை மாநகரசபையும் ஸ்காபரோவின் ஓக்ரிட்ஜ் உட்பட மூன்று இடங்களில் இதைப் பரிசோதித்தது.

தயக்கம் எங்கிருந்து வந்தது?

யாழ்ப்பாண மாநகர முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன் 1998 மே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் அதே ஆண்டு செப்டெம்பரில் குண்டுவெடிப்பில் இறந்தார். உள்ளூராட்சிக் கதிரையே உயிராபத்தாக இருந்த ஊரிலிருந்து வந்தவர்கள் சபைப் பக்கம் போகத் தயங்குவது இயல்பு. ஆனால் அந்தப் பயத்தைப் பிள்ளைகளுக்கும் கடத்தத் தேவையில்லை. உயர்நிலைப் பள்ளியை முடிக்க அவர்களுக்கு 40 மணிநேரத் தொண்டு கட்டாயம். கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் செய்வது நல்லதுதான். அதில் கொஞ்ச நேரத்தைக் கட்டடத்தின் வாடகையாளர் சங்கத்திலோ பூங்காத் துப்புரவிலோ செலவிடட்டும்.

பிரஜாவுரிமை பெற்றவர்களுக்கும் ஒரு சொல். 2022 மாநகரசபைத் தேர்தலில் வாக்களித்தோர் 30 சதவீதத்துக்கும் குறைவு. சில நூறு வாக்குகள் முடிவை மாற்றக்கூடிய தேர்தல் இது.

உங்கள் தொகுதி எது, உறுப்பினர் யார் என்று தெரியாவிட்டால் 311 ஐ அழையுங்கள். தமிழில் பேச வேண்டும் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.